ஃபேன்டஸி புக்கிங் எழுதணுமா? ஃபினிஷ்ல இருந்து ஆரம்பிங்க

ஃபேன்டஸி புக்கிங் எழுத ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் ஒரே இடத்துல தான் நிக்கிறாங்க. முதல் ஷோ பக்கம் பக்கமா வரும், ரெண்டாவது ஷோ பாதியா சுருங்கும், மூணாவதுக்கு "அடுத்த வாரம் கண்டிப்பா"ன்னு ஒரு வரி, அதோட சரி. ஐடியா தீர்ந்து நின்னவங்க ரொம்ப கம்மி. வாராவாரம் ஒரு டிவி ஷோவை உட்கார்ந்து எழுதி முடிக்கிற பழக்கம் வராம நின்னவங்க தான் ஜாஸ்தி. அதனால யாரை சாம்பியன் ஆக்கணும்னு நான் சொல்லப் போறதில்ல, அது உங்க இஷ்டம். எந்த நாள்ல என்ன செய்யுறது, எதை முதல்ல எழுதுறது, எதை எழுதாமலே விடுறது, இது மட்டும் தான் இங்க.

ரெஸ்லிங் பாத்திருக்கீங்க ஆனா இந்த எழுத்து பக்கம் வந்ததில்லன்னா, ஒரு நிமிஷம். யார் யார்கூட மோதணும், யார் ஜெயிக்கணும், எப்படி ஜெயிக்கணும், அதுக்கு முன்னாடி மைக்ல என்ன பேசணும்னு முடிவு பண்றவர் புக்கர். அந்த சீட்ல நாம உட்கார்ந்தா என்ன செய்வோம்னு எழுதிப் பாக்குறது ஃபேன்டஸி புக்கிங். நல்லவன் ஃபேஸ், கெட்டவன் ஹீல், இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தாவுனா டர்ன், ரெண்டு பேர் பகை மாசக்கணக்கா ஓடுனா ஃபியூட், மேட்ச் எப்படி முடியுதுங்கிறது ஃபினிஷ். இது போதும், மத்ததெல்லாம் எழுத எழுத ஒட்டிக்கும். ஈ-ஃபெட்னு இன்னொரு வகையும் இருக்கு, அதுல நீங்களே ஒரு ரெஸ்லரை உருவாக்கி அவன் குரல்ல ப்ரோமோ (மைக்ல பேசுற பேச்சு) எழுதி இன்னொருத்தர் எழுதுனதோட மோதுவீங்க. அது வேற ஆட்டம், இங்க மொத்த ஷோவும் உங்க தலைல.

ஸ்டெப் 1: சின்ன பீரியட், முடிவு தேதியோட

எல்லாத்தையும் ஒரே உதாரணத்துல சொல்லிடுறேன், 2001 இன்வேஷன். 2001 மார்ச்ல வின்ஸ் மெக்மேனோட டபிள்யூடபிள்யூஎஃப் (இப்போ டபிள்யூடபிள்யூஈ) எதிரி கம்பெனி டபிள்யூசிடபிள்யூவை வாங்கிடுச்சு, மார்ச் 26 அவங்க டிவி ஷோவான நைட்ரோவோட கடைசி எபிசோட். அப்புறம் அந்தக் கம்பெனி ஆளுங்க இங்க வந்து சண்டை போடுற கதை, ஈசிடபிள்யூங்கிற இன்னொரு கம்பெனியும் சேர்ந்துச்சு, ஜூலை 22 இன்வேஷன் பிபிவில (பே-பெர்-வியூ, காசு கட்டிப் பாக்குற பெரிய ஷோ) சூடு பிடிச்சு நவம்பர் 18 சர்வைவர் சீரிஸ்ல முடிஞ்சே போச்சு. அந்த கடைசி மேட்ச்ல எதிரி டீம் அஞ்சு பேர் யாருன்னு பாருங்க: ஸ்டீவ் ஆஸ்டின், கர்ட் ஆங்கிள், புக்கர் டி, ராப் வேன் டாம், ஷேன் மெக்மேன். டபிள்யூசிடபிள்யூல இருந்து வந்தவர் ஒருத்தர், ஈசிடபிள்யூல இருந்து ஒருத்தர், மீதி மூணு பேரும் டபிள்யூடபிள்யூஎஃப் வீட்டு ஆளுங்க. படையெடுப்புன்னு பேர் வெச்சுட்டு படைல பாதிக்கு மேல நம்ம ஆளு. இதுல கடுப்பாகி பேனாவ எடுத்தவங்க உலகம் பூரா இருக்காங்க, நானும் அந்தக் கோஷ்டி தான்.

ஜூலை 22ல இருந்து நவம்பர் 18 வரைக்கும் 17 வாரம். வாராவாரம் வர்ற டிவி ஷோ ரெண்டு, அப்போ 17 ரா, 17 ஸ்மாக்டவுன், நடுவுல பெரிய பிபிவிங்க வேற. முதல் தடவை எழுதுறவங்க இதைத் தொடவே கூடாது. ஜூலை 22 ராத்திரி முடிஞ்ச இடத்துல ஆரம்பிங்க, ஆகஸ்ட் 19 சம்மர்ஸ்லாம்ல முடிங்க. சரியா நாலு வாரம், ஜூலை 23, ஜூலை 30, ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 13ன்னு நாலு ரா, கடைசியா ஒரு பிபிவி. ஸ்மாக்டவுனை முழுசா எழுதாதீங்க, "அன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு மூணு வரி போதும். யாரும் கேக்க மாட்டாங்க.

ரோமன் ரெய்ன்ஸ் 1316 நாள் டைட்டில் வெச்சிருந்தார்ல, 2020 ஆகஸ்ட்ல இருந்து 2024 ரெஸில்மேனியா வரைக்கும், கோடி ரோட்ஸ் ஒரு வருஷம் முன்னாடி தோத்து அப்புறம் ஜெயிச்சாரே, அந்த மாதிரி ஒரு நீளக்கதை எழுதணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். எழுதலாம். ஆனா நாலு வாரத்தை ஒரு தடவை முடிச்சுக் காட்டிட்டு.

ஸ்டெப் 2: ஆளுங்க லிஸ்ட், அப்புறம் ஒரே ஒரு மாற்றம்

நோட்டுல மூணு வரிசை போடுங்க. கைல இருக்கிறவங்க, அடிபட்டு வெளிய இருக்கிறவங்க, கான்ட்ராக்ட் இல்லாதவங்க. 2001 ஜூலைக்கு இதை நிரப்புனா கதை தானா சிக்கலாகும். டிரிபிள் ஹெச் மே 21 ராவுல தொடைத் தசை கிழிஞ்சு வெளிய போயிட்டார், அடுத்த ஜனவரி வரைக்கும் கிடையாது. ராக் ஏப்ரல்ல இருந்து ஷூட்டிங், ஜூலை 30 தான் திரும்புறார். ஸ்டிங், கோல்ட்பெர்க், கெவின் நாஷ், ரிக் ஃபிளேர் இவங்களுக்கெல்லாம் டபிள்யூசிடபிள்யூவோட பழைய தாய் கம்பெனி டைம் வார்னர் பக்கம் கான்ட்ராக்ட் ஓடிட்டு இருந்துச்சு, வீட்ல சும்மா இருந்தாலே சம்பளம் வரும், அப்புறம் எதுக்கு கம்மி காசுக்கு வந்து அடி வாங்கணும்? இன்வேஷன் சொதப்புனதுக்கு பாதி காரணம் இது தான், இதை மறந்துட்டு "ஸ்டிங் வர்றார், கோல்ட்பெர்க் வர்றார், ஹோகன் வர்றார்"னு வரிசையா இறக்கி விட்டீங்கன்னா புக்கிங்ல யோசிக்க வேண்டிய கஷ்டமே இருக்காது, கஷ்டம் இல்லன்னா சுவாரசியமும் இருக்காது.

என்னோட ரூல்: நிஜத்துல இருந்து ஒரே ஒரு விஷயத்தை மாத்திக்கலாம். மத்ததெல்லாம் அந்த மாற்றத்தால தானா மாறணும். நான் எடுக்குறது ஃபிளேர். நிஜத்துல அவர் சர்வைவர் சீரிஸுக்கு மறுநாள், நவம்பர் 19 ராவுல தான் வந்தார், எல்லாம் முடிஞ்ச பிறகு. நம்ம கதைல ஜூலை 23 வர்றார், டபிள்யூசிடபிள்யூ சார்புல பேசுற முதலாளியா. அவ்வளவு தான் மாற்றம். இப்போ இதுல இருந்து என்னென்ன உருளுதுன்னு பாருங்க. ஃபிளேர் இருந்தா வின்ஸோட பிள்ளைங்க ஷேனும் ஸ்டெஃபனியும் அந்தப் பக்கம் தலைவர்களா தேவையில்ல, அண்ணன் தங்கச்சி அப்பா குடும்பச் சண்டை பின்னாடி போயிடும். முந்தின நாள் ராத்திரி ஆஸ்டின் ஆங்கிளை ஸ்டன்னர் போட்டுக் கவுத்துட்டு எதிரி பக்கம் தாவியிருக்கார், அது நிஜமாவே நடந்தது, அதைத் தொட வேணாம். ஆனா ஃபிளேர் அவரை நம்புவாரா? வாழ்க்கைல பெரும்பகுதி டபிள்யூசிடபிள்யூ பக்கமே இருந்தவர் எதிரி வீட்டு பெரிய தலையை வாசல்ல வெச்சு மாலை போட்டு வரவேற்பாரா? இங்க கதை கிடைச்சாச்சு.

டிரம்ப் கார்டு ஆடி வளர்ந்த கூட்டம் நாம, ரேங்க், ஹைட், வெயிட் பாத்து பெரிய நம்பர் வெச்சிருக்கிறவன் ஜெயிச்சான்னு பழகிட்டோம். புதுசா புக்கிங் எழுதுறவங்க பாதி பேர் இன்னும் அந்தக் கட்டை தான் கலைச்சு ஆடுறாங்க. இங்க சின்ன நம்பர்காரன் ஏன் ஜெயிக்கணுங்கிறதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது தான் உங்க வேலையே.

ஸ்டெப் 3: கடைசி மேட்ச்சோட கடைசி நிமிஷம்

இது தான் முக்கியம், இதுக்கு நேரம் எடுத்துக்குங்க. ஒரு வரி கூட ப்ரோமோ எழுதுறதுக்கு முன்னாடி, சம்மர்ஸ்லாம் மெயின் ஈவென்ட் எப்படி முடியுதுன்னு எழுதுங்க. யார் யாரை எந்த மூவ்ல பின் பண்றாங்க (ரெஃப்ரீ மூணு எண்ணுற வரைக்கும் தோளை தரைல அமுக்குறது), அப்போ ரிங் பக்கத்துல யார் நிக்கிறாங்க, யார் நிக்கல, பெல் அடிச்சதும் யார் மூஞ்சி எப்படி இருக்கு.

நிஜத்துல அன்னைக்கு ராக் புக்கர் டியை ஜெயிச்சு டபிள்யூசிடபிள்யூ டைட்டிலை எடுத்துட்டார். நம்ம கதைல புக்கர் டி ஜெயிக்கிறார், கிளீனா (யார் உதவியும் ஏமாத்தும் இல்லாம), சிஸர்ஸ் கிக் போட்டு நடு ரிங்ல ஒன்னு ரெண்டு மூணு. ராக்குக்கு இதனால ஒன்னும் குறையாது, அவர் அடுத்த நாள் மைக்கை எடுத்தா அரங்கமே அவர் பின்னாடி, தோல்வி ஒட்டாத ஆளு. புக்கர் டிக்கு இந்த ஒரு ஜெயம் வாழ்க்கையையே மாத்தும். மேட்ச் நடுவுல ஆஸ்டின் சேர் தூக்கிட்டு ஓடி வர்றார், ஃபிளேர் ரேம்ப்ல (ரிங்குக்கு வர்ற பாதை) குறுக்க நின்னு தடுக்கிறார், "எங்க ஆளு தனியா ஜெயிப்பான்". ஆஸ்டின் அங்கயே நிக்க வேண்டியதா போச்சு.

இப்போ இங்க இருந்து பின்னாடி நடங்க. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே கேள்வி, அடுத்த வாரம் நடக்கப் போறது வலிக்கணும்னா இந்த வாரம் என்ன நடந்திருக்கணும்?

ஆஸ்டின் வந்து கெடுத்துடுவார்னு எல்லாரும் எதிர்பார்த்தா தான் கிளீன் ஃபினிஷ் ஆச்சரியமா இருக்கும். அப்போ ஆகஸ்ட் 13, பிபிவிக்கு முந்தின கோ-ஹோம் ஷோ, அதுல ஆஸ்டின் "ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கிறேன்"னு சொல்லியாகணும், புக்கர் டி வேணாம்னு சொல்லணும். புக்கர் டி வேணாம்னு சொல்லணும்னா அதுக்கு முந்தின வாரம், ஆகஸ்ட் 6, ஆஸ்டின் ஒரு தடவை கூப்பிடாம வந்து உதவி பண்ணி புக்கர் டியோட ஜெயத்தை தன் கணக்குல எழுதியிருக்கணும். ஜூலை 30 ராக் திரும்புறார், இந்த சண்டைக்கு ஒரு காரணத்தோட. ஜூலை 23 ஃபிளேர் வர்றார், ஆஸ்டினுக்கு கை குடுக்காம புக்கர் டிக்கு கை குடுக்கிறார். நாலு வரி, நாலு வாரம். நிஜத்துல அந்த வாரமே டபிள்யூசிடபிள்யூ டைட்டில் ஆங்கிள்கிட்ட போயி ஜூலை 30 திரும்ப புக்கர் டிகிட்ட வந்துச்சு, ஒரு வாரத்துல ரெண்டு தடவை கை மாறுனா அந்த பெல்ட்டுக்கு என்ன மரியாதை? ஃபிளேர் இருக்கிறப்போ அப்படி நடக்க விட மாட்டார், அதனால அது தூக்கியாச்சு.

ஃபினிஷ் சொதப்புனா என்ன ஆகும்னு தெரியணும்னா டபிள்யூசிடபிள்யூவோட 1997 ஸ்டார்கேட் பிபிவியை பாருங்க. ஸ்டிங் ஒரு வருஷத்துக்கு மேல பேசாம, மேல கூரைல நின்னு பாத்துட்டே இருந்து, டிசம்பர் 28 ஹோகனோட மோதுறார். மொத்த வருஷமும் அந்த ஒரு ராத்திரிக்காக. கடைசில ரெஃப்ரீ வேகமா கவுண்ட் பண்ணணுங்கிறது கதை, ஆனா பண்ண கவுண்ட் சாதாரண வேகத்துல இருந்துச்சு, அதனால ஸ்டிங் நியாயமாவே தோத்த மாதிரி ஆயிடுச்சு, அப்புறம் பிரெட் ஹார்ட் வந்து மேட்ச்சை திரும்ப ஆரம்பிக்க வெச்சு ஏதோ ஒட்டுப் போட்டாங்க. வருஷம் பூரா கட்டுனது, மூணு செகண்டுல கலைஞ்சது.

ஸ்டெப் 4: எட்டு பெட்டி

2001ல ரா ரெண்டு மணி நேர ஷோ. (மூணு மணி நேரம் ஆனது 2012 ஜூலைல, அந்தப் பக்கமே போகாதீங்க, நிஜ ரைட்டர்களே திணறுனாங்க.) ஒரு பேப்பர்ல எட்டு பெட்டி போடுங்க, ஒவ்வொன்னும் கால் மணி நேரம். அமெரிக்கால ரேட்டிங்கே கால் மணிக் கணக்குல தான் பாப்பாங்க, அதனால இது சும்மா வசதிக்காக போட்ட கோடு கிடையாது.

நிரப்புற ஆர்டர் முக்கியம். எட்டாவது பெட்டி, மெயின் ஈவென்ட், அதை முதல்ல. அப்புறம் ஒன்னாவது, ஷோ எப்படி தொறக்குது. அப்புறம் அஞ்சாவது, ரெண்டாவது மணி நேரம் ஆரம்பிக்கிற இடம், அங்க ஒரு பெரிய மூஞ்சி இருக்கணும், இல்லன்னா ஆளுங்க சேனல் மாத்திடுவாங்க. இந்த மூணு தூணும் நின்னுச்சுன்னா மீதி அஞ்சு பெட்டியை சாப்பிட்டுட்டே நிரப்பலாம்.

ஒவ்வொரு பெட்டிலயும் ஒரே ஒரு வாக்கியம். யாரு, யாரோட, எதுக்கு, முடிஞ்சதும் என்ன மாறுச்சு. இந்த "என்ன மாறுச்சு" தான் வடிகட்டி. ஜெஃப் ஹார்டி யாரோ ஒருத்தரை ஜெயிச்சார், அப்புறம்? ஒன்னும் மாறலயா? தூக்கிடுங்க. அந்த இடத்துல ஒரு சின்ன பேக்ஸ்டேஜ் சீன் போட்டாலும் ஏதாவது நகரும். ஒரே ஆளு ஒரு ஷோல ரெண்டு பெட்டிக்கு மேல வரக்கூடாது, ஆஸ்டினா இருந்தாலும் சரி. இந்த ஒரு கண்டிஷன் மட்டும் உங்களை மிட்கார்டு ஆளுங்க (மெயின் ஈவென்ட்டுக்கு கீழ இருக்கிறவங்க) பக்கம் தள்ளும், அங்க தான் உங்களுக்குன்னு ஒரு ஸ்டைல் வரும், ஏன்னா மெயின் ஈவென்ட்டை எல்லாரும் எழுதுவாங்க, டாஜிரியையும் வில்லியம் ரீகலையும் வெச்சு ஒரு நல்ல அஞ்சு நிமிஷம் எழுதுறவங்க ரொம்ப கம்மி.

ஸ்டெப் 5: வாரத்தை பிரிச்சுக்குங்க

ஒரே ராத்திரில முழு ஷோவையும் எழுத உட்கார்ந்தா முதல் மூணு பெட்டி பிரமாதமா வரும், மெயின் ஈவென்ட் வர்றப்போ கண்ணு சொக்கும், "ஆஸ்டின் வந்தார், எல்லாருக்கும் ஸ்டன்னர், ஷோ முடிஞ்சது"ன்னு முடிச்சுட்டு படுத்துடுவீங்க. அதனால பிரிங்க. என்னோட வாரம் இப்படி போகும், அப்படியே எடுத்துக்க வேணாம், உங்க வேலைக்கு ஏத்த மாதிரி தள்ளி வெச்சுக்குங்க.

திங்கக்கிழமை எழுத மாட்டேன், கணக்கு மட்டும். போன ஷோல யார் ஜெயிச்சா, என்ன பாக்கி இருக்குன்னு லெட்ஜரை (கணக்கு நோட்டு, ஸ்டெப் 8ல சொல்றேன்) தொறந்து பாக்குறது, அதோட நிஜத்துல அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை படிச்சுட்டு மூடிடுறது. வீடியோ தேடிப் போகாதீங்க, ஒரு மேட்ச் பாக்கப் போனா பத்து கிளிப் ஓடி முடியும், நோட்டு வெள்ளையாவே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை லீவு. இப்போ நடக்குற ரா நமக்கு செவ்வாய் காலைல தான் வருது, அதைப் பாத்துட்டு அதே சூட்டுல எழுதுனா 2001 ஆஸ்டின் 2025 ஆளு மாதிரி பேச ஆரம்பிச்சுடுவார். புதன் எட்டு பெட்டி. அரை மணி நேரத்துல முடியும், முடியலன்னா உங்க ஸ்டெப் 3 இன்னும் சரியாகல, அங்க திரும்பிப் போங்க. வியாழன் மெயின் ஈவென்ட்டும் அதோட சேர்ந்த ப்ரோமோவும், மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கிறப்போ கஷ்டமானதை முடிச்சுடணும். வெள்ளி மீதி. சனிக்கிழமை சத்தமா படிச்சுப் பாத்து வெட்டுறது. ஞாயிறு பிபிவி இருந்தா பிபிவி, இல்லன்னா குடும்பம்.

வேலைக்குப் போறவங்களுக்கு பஸ்ல, டிரெயின்ல கிடைக்கிற நேரம் பெட்டி நிரப்ப சரியா இருக்கும், போன்ல எட்டு வரி டைப் பண்றதுல என்ன கஷ்டம். ப்ரோமோ மட்டும் தனியா இருக்கிறப்போ எழுதுங்க, வாய் விட்டுப் பேசிப் பாக்கணும், பக்கத்து சீட்காரர் பயந்துடுவார்.

ஸ்டெப் 6: மேட்ச்சை எழுதுறது, கம்மியா

புதுசா எழுதுறவங்க மாட்டிக்கிற பெரிய பள்ளம் இது. லாக்கப் பண்ணாங்க, ஆர்ம் டிராக், டிராப்கிக், சப்ளெக்ஸ், ரெண்டு கவுண்ட், மறுபடி சப்ளெக்ஸ்னு ஒரு பக்கம். யாரும் படிக்கிறதில்ல, எழுதுறவருக்கே போர் அடிக்கும். ஒரு டிவி மேட்ச்சுக்கு மூணே விஷயம் எழுதுங்க: யார் ஆதிக்கமா இருந்தா, எந்த இடத்துல அது திரும்புச்சு, ஃபினிஷ் என்ன. அதோட நேரம். அந்த காலத்து ராவுல நிறைய மேட்ச் அஞ்சு நிமிஷம் கூட ஓடாது, நீங்க ஒரு ஷோல இருபது நிமிஷ மேட்ச் அஞ்சு போட்டீங்கன்னா விளம்பரத்துக்கே இடம் இருக்காது.

ஃபினிஷுக்கு மட்டும் தாராளமா ரெண்டு மூணு வரி. பேட் பேட்டர்சன்னு ஒருத்தர் இருந்தார், ராயல் ரம்பிள் ஐடியாவே அவரோடது, பின்னாடி மத்த ரெஸ்லருங்க அவர்கிட்ட போயி ஃபினிஷ் கேட்டு வாங்கிட்டு வருவாங்கன்னு அந்த ஃபீல்டுல இருந்த பலரும் சொல்லுவாங்க. அதுக்கு அவ்வளவு மரியாதை. நோட்டோட கடைசி பக்கத்துல ஒரு சின்ன டேபிள் வெச்சுக்குங்க, கிளீன், ரோல்-அப் (திடீர்னு சுருட்டிப் பின் பண்றது), டிக்யூ (ரூல் மீறி தோக்குறது), கவுண்ட்-அவுட் (எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரிங்குக்கு திரும்பாம தோக்குறது), வெளி ஆளு தலையீடு, ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் எதுல விழுந்துச்சோ அங்க ஒரு கோடு. ஒரு ஷோல தலையீடு ரெண்டு தாண்டுனா அன்னைக்கே மாத்துங்க. டஸ்டி ஃபினிஷ்னு ஒன்னு இருக்கு, டஸ்டி ரோட்ஸ் பேர்ல வந்தது, நல்லவன் ஜெயிச்ச மாதிரி காட்டிட்டு அப்புறம் தீர்ப்பை மாத்துறது. நாலு வாரக் கதைல அதுக்கு இடமே இல்ல.

ஸ்டெப் 7: ப்ரோமோ, குரல் கார்டு

முக்கியமான ஆறு ஏழு பேருக்கு ஆளுக்கு ஒரு சின்ன கார்டு. வாக்கியம் நீளமா குட்டையா, கோவம் வந்தா சத்தம் ஏறுமா இறங்குமா, எதிரியை எப்படி கூப்பிடுவார், எதை சாகுற வரைக்கும் சொல்ல மாட்டார். ஃபிளேர்னா ஒரே மூச்சுல சூட்டு, கார், பிளேன், பொம்பளைங்கன்னு ஏறிட்டே போவார், திடீர்னு கண்ணு கலங்கும். ஆஸ்டின் வெட்டி வெட்டிப் பேசுவார். இவங்க ரெண்டு பேரையும் ஒரே ரிங்ல நிக்க வெச்சா, ஒருத்தர் நிறுத்தாம பேச இன்னொருத்தர் பத்து வார்த்தைல பதில் சொல்றார்னா, பேரை எழுதாமலே யார் பேசுறாங்கன்னு தெரியணும். தெரியலன்னா திரும்ப எழுதுங்க.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு விஷயம். அவங்க பஞ்ச் டயலாக்கை தமிழ்ப்படுத்தப் போகாதீங்க, கேக்க சகிக்காது. பேச்சோட சாரத்தை நீங்க சொல்லுங்க ("ஃபிளேர் பத்து வருஷக் கணக்கை எடுத்து வெச்சு ஆஸ்டினை கேக்குறார், நீ எங்களோட சண்டை போட வந்தியா, இல்ல எங்களை வெச்சு வின்ஸோட சண்டை போட வந்தியான்னு"), நடுவுல ஒன்னு ரெண்டு வரி மட்டும் நேர்ப் பேச்சா விடுங்க. ஷோ பூரா நேர்ப் பேச்சு எழுதுனா எட்டு பேரும் உங்க குரல்லயே பேசுவாங்க.

ஸ்டெப் 8: லெட்ஜர்

கதையை விட இதை தான் முதல்ல பேக்கப் எடுத்து வைப்பேன். யார் யாரை கடைசியா எப்போ ஜெயிச்சா, டைட்டில் கடைசியா எப்போ டிஃபெண்ட் ஆச்சு, மாசத்துல எத்தனை தோல்வி, அப்புறம் "பாக்கி"ன்னு ஒரு வரிசை. யாராவது யாரையாவது மிரட்டுனா, ஒரு கதவு பாதி தொறந்து நின்னா, ஒரு சேர் அடி வாங்கி திருப்பி குடுக்கலன்னா, எல்லாம் பாக்கில போகும். திங்கக்கிழமை இந்த லிஸ்டை பாத்தாலே அந்த வாரத்துக்கு பாதி ஷோ ரெடி.

ஒருத்தரை மேல ஏத்தணும்னா லெட்ஜர் முன்கூட்டியே அதை காட்டணும். 2017ல பஞ்சாபி வம்சாவளி ரெஸ்லர் ஜிந்தர் மஹால் ஏப்ரல் 18 ஆறு பேர் மேட்ச்சை ஜெயிச்சு, மே 21 பேக்லாஷ்ல ராண்டி ஆர்டனை ஜெயிச்சு சாம்பியன் ஆனார். நம்ம ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம் தான், ஆனா அதுக்கு முன்னாடி அவர் பெரும்பாலும் தோத்துட்டே இருந்தவர், அஞ்சு வாரத்துல உச்சிக்கு போனா பாக்குறவன் நம்ப கொஞ்சம் திணறுவான். மூணு மாசம் முன்னாடியே சின்ன சின்ன ஜெயமா அடுக்கியிருந்தா அதே முடிவு வேற மாதிரி இருந்திருக்கும்.

டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்னு ஆடம் ரைலண்ட் செஞ்ச கேம் ஒன்னு இருக்கு, இந்த லெட்ஜர் வேலை எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும், ஆளு அடிபடுறது, கான்ட்ராக்ட் முடியுறது எல்லாம் அதுல நடக்கும். நிறைய பேர் அதை ஆடி அதுல நடந்ததை டைரியா எழுதுவாங்க. நல்ல வழி தான். என் அபிப்ராயம், முதல் கதைக்கு வேணாம், மேட்ச் ரேட்டிங் நம்பர் ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டே இருப்பீங்க, கதை பின்னாடி போயிடும். அதுக்குப் பதிலா பிபிவிக்கு முன்னாடி தாயக்கட்டையோ டைஸோ ஒரு தடவை உருட்டுங்க, ஒன்னு விழுந்தா அந்த பிபிவி மேட்ச் லிஸ்ட்ல இருக்கிற ஒருத்தருக்கு காயம், யாருன்னு சீட்டு எடுங்க. கொடுமையா இருக்கும். ஆனா 2019 பிப்ரவரில முஸ்தஃபா அலி அடிபட்டு அந்த இடத்துக்கு கோஃபி கிங்ஸ்டன் வந்தார், ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுன கான்ட்லெட் மேட்ச்ல (எதிராளிங்க ஒவ்வொருத்தரா வரிசையா வர்ற மேட்ச்) அவர் ஆடுன ஆட்டத்துல கூட்டமே அவர் பக்கம் போச்சு, ஏப்ரல் 7 ரெஸில்மேனியா 35ல டேனியல் பிரையனை ஜெயிச்சு சாம்பியன். எந்த புக்கரும் ஜனவரில அதை எழுதி வெச்சிருக்கல.

நாலு வாரம் முடிஞ்ச பிறகு

சம்மர்ஸ்லாம் எழுதி முடிச்சதும் ஒரு வாரம் அந்த நோட்டை தொடாதீங்க. அப்புறம் உங்களை மாதிரியே ரெஸ்லிங் பைத்தியம் ஒருத்தர்கிட்ட குடுங்க, பாராட்டு கேக்காதீங்க, "எந்த ஷோல போர் அடிச்சு ஸ்க்ரோல் பண்ணே"ன்னு மட்டும் கேளுங்க. பதில் பெரும்பாலும் ரெண்டாவது வாரமா தான் இருக்கும், அங்க தான் எல்லாருக்கும் தொய்யும், அதை மட்டும் திரும்ப எழுதுங்க.

தொடரணும்னு தோணுச்சுன்னா அடுத்த பிபிவி செப்டம்பர் 23 அன்ஃபர்கிவன், அஞ்சு வாரம் இருக்கு. நடுவுல செப்டம்பர் 11 வருது. நிஜத்துல ரெண்டு நாள் கழிச்சு செப்டம்பர் 13 ஹூஸ்டன்ல ஸ்மாக்டவுன் நடத்துனாங்க, ரெஸ்லருங்க கதையை விட்டுட்டு சொந்த மனசுல இருந்ததை பேசுனாங்க. அந்த வாரத்தை உங்க கதைல காலியா விடுங்க, தேதியை மட்டும் போட்டு தாண்டிடுங்க, அதை ஒரு சண்டைக் கதையா மாத்த யாருக்கும் மனசு வரக்கூடாது.

அன்ஃபர்கிவன் நடந்தது பிட்ஸ்பர்க்ல, கர்ட் ஆங்கிளோட சொந்த ஊரு, அவர் ஆஸ்டினை ஜெயிச்சு டைட்டில் எடுத்தார், குடும்பம் ரிங்குக்குள்ள வந்துச்சு. அதை மாத்த வேணாம். உங்க பாக்கி லிஸ்ட்ல ஃபிளேர் ஆஸ்டினை ரேம்ப்ல தடுத்தது இன்னும் திருப்பிக் குடுக்காம நிக்குது, அந்த ஃபினிஷ்ல ஃபிளேர் எங்க நிக்கிறார்னு எழுதிட்டு அங்க இருந்து அஞ்சு வாரம் பின்னாடி வாங்க.